பதினெட்டாம் போரும் பதினொன்று என்ற பெண்ணும்

ஜனவரி 1, வியாழக்கிழமை, காலை ஆறரை மணி. ஏரியூரில் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு. வாசலுக்கு வாசல் கலர்ப்பொடியில் 2026 என்று கோலம். அக்கா வீட்டுத் திண்ணையில் ஒரே கம்பளிக்குள் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பித்தளைச் சொம்பில் சாய்த்து வைத்த ஒரு செல்போன். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மாதக் கட்டணத்தில் செல்போனிலோ டேப்லெட்டிலோ மட்டும்தான் பார்க்கலாம், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு கருவியில். ஆகவே மூன்று பேருக்கும் அந்த உள்ளங்கை அகலத் திரைதான்.

அக்கா மகள் தருமபுரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அவள் தம்பி பிளஸ் டூ. மூன்றாவது ஆள் எதிர்வீட்டுப் பையன். பெங்களூருவில் கட்டடங்களுக்கு வயரிங் வேலை செய்கிறான், புது வருஷத்துக்கு லீவு போட்டு வந்திருந்தான். மூவரும் பார்த்தது 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் கடைசிப் பாகம். அமெரிக்காவில் டிசம்பர் 31 மாலை வெளியானது, நம் நேரத்துக்கு இந்த ஆறரை. இரண்டு மணி எட்டு நிமிடம் ஓடும் அந்த ஒரே பாகத்தோடு ஒன்பதரை ஆண்டுக் கதை முடிகிறது.

ஊற்றி வைத்த இட்லி ஆறியது. அக்கா இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள். எட்டே முக்காலுக்குக் கம்பளி விலகியபோது மூன்று முகங்களும் மூன்று மாதிரி இருந்தன. அக்கா மகள் அழுதிருந்தாள், ஆனால் முகத்தில் நிறைவு. தம்பி முகம் இறுகிக் கிடந்தது. எதிர்வீட்டுப் பையன் தலையை ஆட்டி ஒரே வாக்கியம் சொன்னான்: "இது முடிவே கெடையாது. இன்னும் ஒண்ணு வரும், பாருங்க."

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை நான் சென்னைக்குப் பஸ் ஏறும் வரை ஓயவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2016 ஜூலை 15 அன்று தொடங்கிய தொடர் இது. உருவாக்கியவர்கள் மேட் டஃபர், ராஸ் டஃபர் என்ற இரட்டைச் சகோதரர்கள். ஹாக்கின்ஸ் என்ற கற்பனைச் சிற்றூர், ஆண்டு 1983. ஒரு சிறுவன் காணாமல் போகிறான். அவனைத் தேடிக் காட்டுக்குள் போகும் நண்பர்களுக்கு மொட்டையடித்த ஒரு சிறுமி கிடைக்கிறாள். ஓர் ஆய்வுக்கூடத்தில் அடைத்து வளர்க்கப்பட்டவள். அவளுக்குப் பெயர் கிடையாது, மணிக்கட்டில் 011 என்று பச்சை குத்திய எண் மட்டும்தான். அதனால் லெவன். மனசாலேயே பொருள்களை அசைப்பாள். ஊருக்கு அடியில் அதே ஊரின் இருண்ட நகல் ஒன்று இருப்பது அவள் மூலம் தெரியவருகிறது. அதைப் பிள்ளைகள் தலைகீழ் உலகம் என்கிறார்கள்.

தொடர் வந்த இரண்டே மாதத்தில், 2016 செப்டம்பரில், ஜியோ வந்தது. மலையும் மேட்டாங்காடும் சூழ்ந்த ஏரியூர் மாதிரி ஊர்களுக்கு இணையம் பெருவெள்ளமாக வந்தது அதன் பிறகுதான். என் அக்கா மகளுக்கு அப்போது பத்து வயது. அவளும் லெவனும் சேர்ந்தே வளர்ந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. லெவனாக நடித்த மில்லி பாபி பிரவுன் முதல் சீசன் வெளியானபோது பன்னிரண்டு வயதுச் சிறுமி, கடைசிப் பாகம் வந்தபோது இருபத்தொன்று. நடுவில் கொரோனா வந்தது, 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்காம் சீசனுக்கும் ஐந்தாம் சீசனுக்கும் இடையே மூன்றரை ஆண்டு இடைவெளி. 2022-இல் நான்காம் சீசன் தமிழ்க் குரலிலும் வந்த பிறகு, இங்கிலீஷ் புரியாதென்று ஒதுங்கி நின்ற பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். எதிர்வீட்டுப் பையன் அப்படி வந்தவன்தான்.

தலைகீழ் உலகம் என்பது ஏரியூர்ப் பிள்ளைகளுக்குப் புரியாத சங்கதியில்லை. இங்கிருந்து நாகமரை போனால் மேட்டூர் அணையின் தேக்கம் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். 1934-இல் கட்டி முடித்த அணை. நீர் 120 அடிக்கு நிற்கும்போது அக்கரை பண்ணவாடி ஒரு கோடாகத்தான் தெரியும். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. கோடையில் நீர் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டும், பழைய மாதா கோயிலின் கோபுரம் வெளியே வரும். எங்கள் கொள்ளுப்பாட்டிகள் வாழ்ந்த வீடும் கிணறும் மாட்டுக்கொட்டகையும் சேறு மூடி அங்கேதான் கிடக்கின்றன. பரிசலில் போகும்போது பெரியவர்கள் கையால் காட்டி, இந்த இடத்தில்தான் சந்தை கூடும் என்பார்கள். கீழே எட்டிப் பார்த்தால் இருட்டு மட்டும் தெரியும். நம் ஊருக்கு அடியில் நம் ஊர் என்று ஒரு கதை சொன்னால் இந்தப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வதில் வியப்பென்ன?

திண்ணைச் சண்டை

கடைசிப் பாகத்தில் நடப்பது இதுதான். வெக்னா என்ற கொடியவன் கொல்லப்படுகிறான். தலைகீழ் உலகத்தைக் குண்டு வைத்துத் தகர்க்கிறார்கள். எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட, லெவன் மட்டும் இரண்டு உலகங்களுக்கும் இடையிலுள்ள வாசலின் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறாள். அவள் உயிரோடு இருக்கும் வரை அவள் ரத்தத்தை எடுத்து இன்னும் பல பிள்ளைகளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்க ராணுவம் துடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் நிற்கிறாள். அவளை நேசிக்கும் மைக் கண்ணெதிரே அந்த உலகம் அவளோடு அழிகிறது.

பதினெட்டு மாதம் கழித்து, பள்ளிப் படிப்பு முடித்த நண்பர்கள் மைக்கின் வீட்டு நிலவறையில் கூடிச் சிறுவயதில் ஆடிய கதை விளையாட்டை மறுபடி ஆடுகிறார்கள். ஆட்டத்தின் முடிவில் மைக் ஒரு கதை சொல்கிறான். லெவன் சாகவில்லை, வாசலில் நின்றது வெறும் மாயத்தோற்றம், அவள் தப்பிப் போய் மூன்று அருவிகள் உள்ள ஓர் ஊரில் வாழ்கிறாள் என்கிறான். நம்புகிறேன் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். அவள் மலைமேல் நின்று அருவிகளைப் பார்ப்பது நமக்கும் காட்டப்படுகிறது. அது நடந்ததா, மைக்கின் கற்பனையா என்று தொடர் சொல்லவில்லை. டஃபர் சகோதரர்களும் பிறகு பேட்டிகளில் அதை அவிழ்க்க மறுத்துவிட்டார்கள்.

அக்கா மகள் கட்சி: அவள் இருக்கிறாள். இதற்கு அவள் கையில் சான்றும் இருந்தது. "மாமா, அந்த ராணுவம் ஒரு சத்தம் போடும்ல, அது கேக்கறப்போ யாருக்கும் சக்தி வேலை செய்யாது. அது முழுக்க அங்க ஓடிட்டிருக்கு. அப்புறம் எப்பிடி அவ மைக்கோட மனசுக்குள்ள பூந்து பேசினா? அப்ப நின்னது அவ இல்ல." இயற்பியல் படிக்கிறவள் பேசுகிற பேச்சு. மூன்று அருவி என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ஒகேனக்கல்லுக்கே வந்திருந்தாலும் வந்திருப்பா" என்றாள். அவள் சொன்னது எனக்கு விளையாட்டாகப் படவில்லை. தனக்குத் தெரிந்த அருவிக்கரையில் தன் தோழியைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

தம்பி கட்சி வேறு. "செத்தா செத்தான்னு சொல்லு. இருந்தா காட்டு. நம்புறவன் நம்பு, நம்பாதவன் போன்னா என்ன அர்த்தம்?" இவன் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவன். மூன்றாம் சீசன் முடிவில் ஊர்ப் போலீஸ் தலைவர் ஹாப்பர் செத்ததாகக் காட்டியபோது அழுது தீர்த்திருக்கிறான். நான்காம் சீசனில் ஹாப்பர் உயிரோடு வந்தார். அதிலிருந்து இந்தத் தொடரில் எந்தச் சாவையும் நம்புவதில்லை. அவன் குற்றப்பத்திரிகை நீளமானது. அத்தனை சீசன் பயமுறுத்திய மிருகங்கள் கடைசிப் போரில் எங்கே? இவ்வளவு பெரிய யுத்தத்தில் நண்பர் கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையா? ஊரையே முற்றுகையிட்ட ராணுவம், அதன் தலைவியாக லிண்டா ஹாமில்டன் மாதிரி ஒரு பெரிய நடிகை, பதினெட்டு மாதம் கழித்து எல்லாம் எங்கே போயின? ராணுவத்தினரைக் கொன்ற பிள்ளைகள் வழக்கு ஏதும் இல்லாமல் பட்டம் வாங்கப் போய்விட்டார்களா?

அவனுடைய கேள்விகளில் பாதிக்கு மேல் நியாயமானவை. உலகம் முழுக்க ரசிகர்கள் இதே கேள்விகளைக் கேட்டார்கள். பிடித்தவர்களுக்கு அந்தக் கடைசி அரை மணி நேரம், பிள்ளைகள் விளையாட்டுப் புத்தகங்களை அலமாரியில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறிப் போவது, போதுமானதாக இருந்தது. பிடிக்காதவர்களுக்குப் போர் சட்டென்று முடிந்துவிட்டது, பிரியாவிடை இழுத்துக்கொண்டே போனது.

எதிர்வீட்டுப் பையன் இரண்டு கட்சியிலும் இல்லை. அவன் சேர்ந்தது உலகம் முழுக்க அந்த வாரத்தில் பரவிய மூன்றாவது கட்சியில். அதாவது, பார்த்த முடிவே பொய். வெக்னா இன்னும் எல்லோர் மனசையும் பிடித்து வைத்துக்கொண்டு ஓர் இனிப்பான கனவைக் காட்டிக்கொண்டிருக்கிறான். பட்டமளிப்பு விழாவில் எல்லா மாணவர்களும் கையை ஒரே மாதிரி கோர்த்து உட்கார்ந்திருக்கிறார்களே, அது வெக்னா நிற்கும் தோரணை இல்லையா? உண்மையான ஒன்பதாம் பாகம் ஜனவரி 7 அன்று வரும். இதற்கு 'கன்ஃபார்மிட்டி கேட்' என்று பெயரே வைத்திருந்தார்கள். அவன் போனில் அம்புக்குறி போட்ட படங்கள் ஐம்பது அறுபது இருந்தன. ஒவ்வொன்றாக எனக்குக் காட்டி விளக்கினான். பொறுமையாக விளக்கினான், ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு கோளாறு எங்கே என்று தேடிப் போகிறவனுடைய பொறுமை அது.

ஊரில் சில பெரியவர்கள் இதைக் கேட்டு, எங்கேயோ எடுத்த படத்துக்கு இதுகள் ஏன் அடித்துக்கொள்கின்றன என்றார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கல்கிக்கு வந்த கேள்விகள்

இந்த மாதிரி அடித்துக்கொள்வது தமிழர்களுக்கு ஒன்றும் புதிதில்லை. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 அக்டோபரில் தொடங்கி 1954-இல் முடித்தார். மூன்றரை ஆண்டு, வாரா வாரம். முடிந்ததும் வாசகர்களில் பலருக்குக் கதை திடீரென்று நின்றுவிட்டதாகப் பட்டது. இவர் என்ன ஆனார், அவர் யாரை மணந்தார் என்று கேள்விகள். கல்கி அந்தக் கேள்விகளைத் தள்ளிவிடவில்லை. முடிவுரை என்று தனியாக எழுதினார். சரித்திரக் கதைக்கு மற்றக் கதைகள் மாதிரி ஒரே இடத்தில் முடிச்சுப் போட முடியாது என்று விளக்கினார். யார் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொன்னார். ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை எது என்பதை மட்டும் கடைசி வரை உறுதியாகச் சொல்லவில்லை. எழுபது ஆண்டு தாண்டியும் நாம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கல்கி எதைத் திறந்து விட்டார், எதைச் சாத்தினார் என்பது. கொலையைத் திறந்து விட்டார். ஆனால் கரிகாலனின் சாவுக்கு அழவேண்டியவர்கள் எல்லோரும் அழுதுவிட்டார்கள். அதே கதையில் வரும் மணிமேகலையின் சாவைப் படித்து இன்றைக்கும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. துக்கத்தில் பாக்கி வைக்காமல் புதிரில் மட்டும் பாக்கி வைத்தார்.

ஜப்பானில் 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' என்ற கார்ட்டூன் தொடர் 1996 மார்ச்சில் முடிந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ராட்சத இயந்திரங்களில் ஏறிப் போரிடும் பிள்ளைகளின் கதை. போரின் முடிவுக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கடைசி இரண்டு பாகங்களில் போரே காட்டப்படவில்லை. நாயகனின் மனசுக்குள் நடக்கும் விசாரணை மட்டும்தான் வந்தது. ஒரு சாரார் இதுவே உச்சம் என்றார்கள், இன்னொரு சாரார் கொதித்தார்கள், கொலை மிரட்டல் வரை போனது. இயக்குநர் ஹிடேயாகி அன்னோ 1997-இல் வேறொரு முடிவைத் திரைப்படமாக எடுத்தார். அதற்குள் ரசிகர்கள் எழுதிய கடிதங்களைக் கண நேரம் காட்டினார். பிறகு கதையை மறுபடி முதலிலிருந்து படங்களாக எடுக்கத் தொடங்கி, 2021-இல்தான் முடித்தார். ஒரு முடிவைச் சரியாகச் சொல்லி முடிக்க அவருக்கு இருபத்தைந்து ஆண்டு ஆயிற்று. எதிர்வீட்டுப் பையனின் ஒன்பதாம் பாகக் கனவை நான் அலட்சியமாக ஒதுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். வேறு முடிவு கேட்டவர்களுக்கு வேறு முடிவு கிடைத்த வரலாறு உண்டு.

2010 மே 23 அன்று முடிந்த அமெரிக்கத் தொடர் 'லாஸ்ட்' கதை இன்னும் பரிதாபம். எல்லோரும் முதலிலேயே செத்துப்போனவர்கள் என்று முடிவைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். அப்படி இல்லை என்று எழுதியவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

மொச்சை உரித்தபடி

நான் சொல்ல வந்தது என் அம்மாவைப் பற்றி. ஜனவரி 2 மதியம். அம்மா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் மறுபடி ஆரம்பிக்க, சண்டை தாங்காமல், "ஏன்டி, அந்தக் கதைதான் என்னன்னு சொல்லேன், நானே பஞ்சாயத்து பண்றேன்" என்றாள். அக்கா மகள் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னாள். ஒரு முறம் மொச்சை தீர்ந்து இன்னொரு முறம் வந்தது.

அம்மா நெட்ஃபிளிக்ஸ் பார்த்தவள் இல்லை. ஆனால் கதை முடிவுகளைப் பற்றி எங்கள் வீட்டில் அவளுக்குத்தான் அதிகம் தெரியும். சின்ன வயசிலிருந்து பாரதக் கூத்து விடாமல் பார்த்தவள். தருமபுரி மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பதினெட்டு நாள். பகலில் பிரசங்கியார் பாரதம் படித்துப் பொருள் சொல்வார், இரவில் கூத்து. வில்வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று விடிய விடிய. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள். தபசு மரத்தின் உச்சியிலிருந்து அர்ச்சுனன் எலுமிச்சம்பழம் வீசும்போது கீழே பெண்கள் முந்தானையை விரித்துப் பிடித்திருப்பார்கள். கர்ண மோட்சம் அன்று நடுச்சாமத்தில் பீடி இழுத்துக்கொண்டிருந்த ஆண்கள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கூத்தில் முடிவு எல்லோருக்கும் தெரியும். துரியோதனன் சாவான், பாஞ்சாலி கூந்தல் முடிவாள். தெரிந்தும் ஆண்டுதோறும் போகிறார்கள், தெரிந்தும் கட்சி பிரிகிறார்கள். கர்ணனைக் கண்ணன் வஞ்சித்தான் என்று ஒரு கட்சி. தொடையில் அடித்தது தர்மமா என்று இன்னொரு கட்சி. டீக்கடையில் வாக்குவாதம் முற்றும். பதினெட்டாம் போர் முடிந்த காலையில் எல்லோரும் படுகளத்துக்குப் போவார்கள். திடலில் மண்ணால் செய்த துரியோதனன், ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு, மல்லாந்து கிடப்பான். அவனைச் சுற்றிச் சண்டை நடக்கும். தொடை பிளக்கும். பாஞ்சாலி அந்த ரத்தம் தொட்டுக் கூந்தல் முடிவாள். எதிரிதான், ஆனாலும் அவனுக்கு ஒப்பாரி உண்டு. சாயங்காலம் தீமிதி. கதையின் முடிவு அங்கே பார்த்துவிட்டு எழுந்து போகிற காட்சியாக நிற்பதில்லை. நம் காலும் அழுகையும் வேண்டுதலும் சேர்ந்துதான் அது முடிகிறது.

செல்போனில் முடிகிற கதைக்குப் படுகளம் இல்லை. பெயர்ப்பட்டியல் ஓடும், திரை இருளும், அடுத்து என்ன பார்க்கலாம் என்று கேட்கும். ஒன்பதரை ஆண்டுப் பாசத்தை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை எங்கே போவாள்? திண்ணையில் உட்கார்ந்து தம்பியோடு சண்டை போடுகிறாள். அந்தச் சண்டைதான் இவர்களுடைய படுகளம். அதனால்தான் அதை யாரும் கேலி பேசக் கூடாது என்கிறேன்.

கதை முழுக்கக் கேட்ட அம்மா, அந்தப் பெண் இருக்கிறாளா செத்தாளா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அந்த இன்னொரு பொண்ணு பேரு என்ன சொன்ன? காளியா?"

"ஆமா ஆயா, காளி."

"அவ செத்ததுக்கு யாரு அழுதாங்க?"

பிள்ளைகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

காளி என்பவள் அதே ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த இன்னொரு பெண். எண் 008. இரண்டாம் சீசனில் தலைகாட்டி, ஐந்தாம் சீசனில் திரும்ப வந்தவள். இந்தியச் சாயல் கொண்ட பாத்திரம். நடித்தவர் லின்னியா பெர்தெல்சன், இந்தியாவில் பிறந்து டென்மார்க்கில் வளர்ந்தவர். பிறர் கண்ணுக்கு இல்லாததை இருப்பதாகக் காட்டுவது காளியின் சக்தி. கடைசிப் பாகத்தில் ராணுவத்தின் குண்டு பட்டுச் சாகிறாள். மைக் சொல்லும் கதைப்படி, உயிர் போகும் நேரத்தில் அவள்தான் அந்த மாயத்தோற்றத்தை உண்டாக்கி லெவனைத் தப்ப வைத்தாள். லெவன் அவளுக்காக அழுகிறாள், ஆனால் அது சில நொடிதான். பட்டமளிப்பு மேடையில் நண்பர் கூட்டத்தில் ஒருவனான டஸ்டின் தன் செத்துப்போன நண்பன் எட்டியை நினைவுகூர்கிறான். காளிக்கு அப்படி ஒரு வார்த்தை இல்லை. மைக்கின் கதையில் அவள் ஒரு தந்திரமாக வந்துவிட்டுப் போகிறாள். லெவன் இருக்கிறாள் என்று நம்புகிறவர்களுடைய நம்பிக்கை மொத்தமும் காளியின் பிணத்தின் மேல் நிற்கிறது.

"அவதான்டி அரவான்" என்றாள் அம்மா. "களப்பலி."

பாரதக் கூத்தில் போர் தொடங்குமுன் காளி தேவிக்குப் பலி கொடுக்க வேண்டும். எல்லா லட்சணமும் பொருந்திய அரவானைக் கொடுக்கிறார்கள். பாண்டவர் வெற்றி அந்தப் பலியின் மேல்தான் நிற்கிறது. ஆனால் கூத்து அவனை அப்படியே விட்டுவிடாது. பலியாகுமுன் அவன் வரம் கேட்பான். போர் முடியும் வரை பார்க்க அவன் தலைக்கு உயிர் உண்டு. அவனுக்காக அழ ஆட்கள் உண்டு. கூவாகத்தில் சித்திரைதோறும் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி அழுவது அந்த ஒருவனுக்காகத்தான். ஒரு கதை தன்னுடைய பலிக்கு இவ்வளவு செய்திருக்கிறது.

எனக்கு இந்தத் தொடரின் முடிவில் குறை இதுதான் என்று அப்போது தெளிவாயிற்று. லெவனின் கதியைத் திறந்து விட்டதில் தப்பில்லை. கல்கி செய்தது அது. நம்புகிறவன் நம்பட்டும் என்று ஒரு கதை சொல்லலாம். மிருகங்கள் வரவில்லை, ராணுவம் எங்கே போனது என்பதெல்லாம் பொத்தல்கள்தான், ஆனால் பொத்தலோடு எத்தனையோ நல்ல கதைகள் உண்டு. சாவுக்குக் கணக்கு வைக்காததுதான் பெரிய குறை. ஒருத்தியின் பிழைப்பை ரசிகர்கள் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பிழைப்புக்கு விலையான இன்னொருத்தியை யார் கையிலும் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்ட என் வீட்டுப் பிள்ளைகளும் அம்மா கேட்கும் வரை காளியைப் பற்றிப் பேசவே இல்லை. பார்க்கிறவர்களை அவள் பக்கம் திரும்பவே விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

அக்கா மகள் அன்று மாலை வரை அதிகம் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது தம்பியிடம், "நீ சொன்னது ஒண்ணு சரியில்லடா. யாருமே சாவலன்னு சொன்னியே, அது தப்பு. செத்தவளை நம்ம ரெண்டு பேருமே எண்ணல" என்றாள். அவன் களியை உருட்டிக்கொண்டே தலையாட்டினான். சண்டை அதோடு நிற்கவில்லை, மறுநாள் ராணுவத்தைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு இருவர் வாயிலும் காளியின் பெயர் வந்தது.

ஜனவரி 8 காலை ஆறரைக்கு, அமெரிக்காவில் 7-ஆம் தேதி மாலை, எதிர்வீட்டுப் பையன் பெங்களூருவில் வேலை நடக்கும் கட்டடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒன்பதாம் பாகம் வரவில்லை. எனக்குப் போன் செய்தான். குரலில் ஏமாற்றம் இருந்தது. "இல்லண்ணா, வரல" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்த ஒரு வாரம் நல்லா இருந்துச்சுண்ணா" என்றான்.

நான் ஊரிலிருந்து கிளம்புமுன் நடந்த ஒன்று மட்டும் பாக்கி. ஜனவரி 4, ஞாயிறு, மறுநாள் பள்ளி திறக்கிறது. அம்மா தானாகவே கேட்டாள்: "அதைப் போடேன், நானும் பாக்கறேன்." அக்கா மகள் கடைசிப் பாகத்தைத் தேடினாள். "அது எதுக்கு? கடைசி நாள் மட்டும் போய் உக்காந்தா கூத்துப் பாத்த கணக்காவுமா? மொத நாள்ல இருந்து போடு."

சொம்பில் போன் சாய்ந்தது. கம்பளிக்குள் இந்த முறை அம்மா நடுவில். முதல் சீசன், முதல் பாகம். பேத்தி ஒவ்வொரு காட்சிக்கும் நிறுத்தி நிறுத்திப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தாள், பகல் பிரசங்கியார் மாதிரி. ஆய்வுக்கூடத்தில் ஓடும் ஒரு மனிதர். பிறகு ஒரு நிலவறை. மேசையைச் சுற்றி நாலு சின்னப் பையன்கள், ஒருவன் கையைக் குலுக்கி மேசைமேல் எதையோ உருட்டினான்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே குனிந்தாள்.

"பகடையா அது?"